84 கிலோவைத் தூக்க முடியாதவர் எம்.வி.பி ஆனார்! - என்.பி.ஏ-வுக்கு ஆள் எடுப்பது எப்படி?

2007-ம் ஆண்டு. என்.பி.ஏ அணிகள் இளம் வீரர்களை அளந்து பார்க்கும் 'கம்பைன்' முகாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருஷம் ஆடிவிட்டு வந்த ஒல்லியான பையன், பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் படுக்கிறார். எடை சுமார் 84 கிலோ. எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணக் காத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட முடியவில்லை. அவர்தான் கெவின் டுரன்ட்.

அந்த வருஷ டிராஃப்ட்டில் முதல் சாய்ஸ் போர்ட்லேண்ட் அணிக்கு. அவர்கள் எடுத்தது ஏழடி உயர கிரெக் ஓடனை. டுரன்ட் இரண்டாவதாக சியாட்டிலுக்குப் போனார். முழங்கால் அறுவை சிகிச்சையால் முதல் சீசன் முழுக்க ஓடன் ஆடவே இல்லை. என்.பி.ஏ-வில் அவர் ஆடியது மொத்தமே 105 மேட்ச்தான். டுரன்ட்டோ 2014-ல் எம்.வி.பி! இன்னைக்கு போர்ட்லேண்டைக் கலாய்ப்பது சுலபம். ஆனால், அன்று பலரும் ஓடனைத்தான் கைகாட்டினார்கள்.

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல் ஏலம் மாதிரி இல்லை. பணத்தை அள்ளி வீசி ஆளைத் தூக்க முடியாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு, லாட்டரி மூலம் முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். வீரருக்கு அந்த வருஷத்துக்குள் 19 வயதாகியிருக்க வேண்டும். 2003-ல் பள்ளியிலிருந்து நேராக லெப்ரான் ஜேம்ஸ் வந்தாரே, அந்தக் கதவு 2006 டிராஃப்ட்டிலிருந்து மூடப்பட்டுவிட்டது.

ஸ்கவுட்கள் உயரத்தைவிட, விரித்த கைகளின் நீளத்தை உன்னிப்பாகக் கவனிப்பார்கள். டுரன்ட்டுக்கு அது சுமார் 7 அடி 5 அங்குலம். பெஞ்ச் பிரஸ்ஸில் தெரியாதது அங்கே தெரிந்தது. அடுத்து வயது. 18 வயதுப் பையன் எடுக்கும் 15 புள்ளியும், 22 வயதுக்காரர் எடுக்கும் 15 புள்ளியும் ஒன்றல்ல.

இதில் எனக்குப் பிடித்தது ஃப்ரீ த்ரோ கணக்கு. என்.பி.ஏ-வில் மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கோட்டைவிடத் தள்ளி இருக்கும். அதனால், கல்லூரியில் ஒருவர் போடும் த்ரீ பாயின்ட்டை அப்படியே நம்ப முடியாது. ஃப்ரீ த்ரோ கோடு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே தூரம், மறிக்க ஆளும் கிடையாது. கையின் உண்மையான லட்சணம் அங்கேதான் தெரியும்.

எந்த டேப்பிலும் அளக்க முடியாத திறமையும் உண்டு. செர்பியாவின் நிகோலா யோகிச் வேகமாக ஓட மாட்டார், பெரிதாகத் தாவவும் மாட்டார். 2014-ல் அவரை 41-வது ஆளாக டென்வர் எடுத்தபோது, டி.வி-யில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்து பாஸ் போடும் அந்த மூளைக்கு மூன்று எம்.வி.பி விருதுகள், 2023-ல் சாம்பியன் பட்டம்.

சரி, பெயர் வந்துவிட்டால் செட்டிலா? அதுதான் இல்லை. முதல் சுற்றில் வருபவர்களுக்கு இரண்டு வருஷச் சம்பளம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருஷம் அணியின் விருப்பம். இரண்டாவது சுற்றில் அந்த உத்தரவாதமே கிடையாது. பலர் ஜி லீக் என்ற அடுத்த நிலைத் தொடரில் ஆடியபடி மேலே அழைப்பு வரக் காத்திருப்பார்கள். ஆனால், டிராஃப்ட்டில் யாருமே எடுக்காத ஃப்ரெட் வான்விலீட் 2019-ல் டொரன்டோவோடு கோப்பையைத் தூக்கியதும் நடந்திருக்கிறது.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங், 14 வயதில் ஸ்காலர்ஷிப்பில் ஃப்ளோரிடாவுக்குப் போனார். 7 அடி 2 அங்குலம். 2015-ல் 52-வது ஆளாக டல்லாஸ் எடுத்தபோது, என்.பி.ஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர் ஆனார். அவர் போன நேரம், பெரிய உருவத்துக்காரர்களும் வெளியே வந்து த்ரீ பாயின்ட் போட வேண்டும், ஓடி ஓடித் தடுக்க வேண்டும் என்று ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. டல்லாஸின் கீழ்நிலை அணியான டெக்சாஸ் லெஜன்ட்ஸில் ஆடினார். என்.பி.ஏ மேட்ச் ஒன்றுகூட ஆடவில்லை. பிறகு அதே அமெரிக்காவில், ஏ.இ.டபிள்யூ ரெஸ்லிங் மேடையில் ஏறினார்.