கண்ணுக்குள் ஒரு வடிகால்

நூலால் பிழைக்கும் திருப்பூர் வட்டாரத்தார்க்கு இது வியப்பளிக்கலாம்: கண்ணின் அழுத்தத்தைத் தணிக்க மருத்துவர்கள் முதலில் நாடியவற்றுள் ஒன்றும் நூலே. கண்ணுள் ஊறும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கினால் பார்வை நரம்பு நலியும். போன பார்வை மீளாது. அந்நீரைக் கசியவிட 1907இல் பிரெஞ்சு மருத்துவர் ரொலே குதிரை மயிரையும், 1912இல் ஆங்கிலேயர் சோராப் பட்டிழையையும் கண்ணில் செலுத்தினர். புண் ஆறியபோது தழும்பு வழியை அடைத்தது.

1969இல் தென்னாப்பிரிக்காவில் மோல்டெனோ குழாயின் வெளிமுனையில் ஒரு தகட்டை இணைத்தார். தழும்பு தகட்டைச் சுற்றிப் பையாக வளர, நீர் அதில் இறங்கி மெல்ல உறிஞ்சப்பட்டது. பகையையே துணையாக்கிய அறிவு அது! 1993இல் அமெரிக்காவில் வந்தது அப்துல் மதீன் அஹ்மத் வடிவமைத்த வால்வு. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் இறக்குமதி விலை நம் ஏழைகளுக்கு எட்டவில்லை.

மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமான ஆரோலேப், 2013இல் மலிவான சிலிக்கோன் கருவியை வெளியிட்டது. தகட்டின் பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். வால்வு இல்லாததால் நீர் ஒரேயடியாக வடிந்துவிடாதிருக்க, குழாயைக் கரையும் நூலால் கட்டுகின்றனர். தையற்காரர் அறாத நூலைத் தேடுவார். இங்கே வேண்டுவதோ காலம் பார்த்துக் கரையும் நூல். ஏறத்தாழ ஆறு வாரத்தில், பை உருவானபின், முடிச்சு நெகிழும்.

1997 முதல் கோவையிலும் அரவிந்த் இயங்குவதால் திருப்பூர்த் தொழிலாளர்க்கு அது தொலைவன்று. எனினும், கருவி வைத்தாயிற்றென்று சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவதும், கூலி போகுமென மறுபரிசோதனையைத் தவிர்ப்பதும் ஆபத்து. முடிச்சு நெகிழும் அந்நாள்களில்தான் அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும்.