உத்தியோகமும் கூலியும்: கொழும்புத் தமிழரின் தொழிலுணர்வு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே கிராமத்தவர் நாவிற் கோறணமேந்தாயிற்று. இப்பழமொழியைக் கூறுவோர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கூறுவர்; ஆயினும் அதன்படி ஒழுகுவர். ஒரு சமூகம் தனது பிழைப்பைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அறிவதற்கு இவ்வொரு வாக்கியமே போதிய தொடக்கமாகும். இங்கு செய்யும் வேலை எதுவென்பது பொருட்டன்று. கோழி மேய்ப்பதாயினுங் குற்றமில்லை. யாரிடம் செய்கிறோம் என்பதே பெருமையைத் தீர்மானிக்கிறது.

இப்பெருமை வானத்திலிருந்து இறங்கியதன்று. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அதனைத் தொடர்ந்து பெருகிய ஆங்கிலப் பாடசாலைகள் நிலம் குறைந்த, மழை பொய்க்கும் ஒரு குடாநாட்டின் நடுத்தர விவசாயக் குடும்பங்களுக்குப் புதியதொரு விளைநிலமாயின. தோட்டத்துறையும் துறைமுகமும் புகையிரதமும் வளர்ந்த காலத்திற் குடியேற்ற ஆட்சிக்கு மலிவான எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். கொழும்புக்கும் மலாயாவுக்கும் அவர்களை அனுப்ப யாழ்ப்பாணம் ஆயத்தமாக இருந்தது. அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தப்பட்டன, தங்கைமாருக்குச் சீதனம் சேர்ந்தது. 'மணியோடர் பொருளாதாரம்' என்று பின்னர் வழங்கப்பட்டது இதுவே.

பேச்சு வழக்கினை நோக்குமிடத்து இத்தொழிற் படிநிலை மேலுந் தெளிவாகும். எழுதுவினைஞர் உத்தியோகம் 'பார்க்கிறார்'. சுருட்டுக்கடையிலோ சைவக்கடையிலோ உள்ளவன் 'கொழும்பிலை கடையிலை நிக்கிறான்'. ஆலையில் உள்ளவன் 'மில்லிலை வேலை செய்யிறான்'. கடற்கரையோரத்தவர் 'தொழிலுக்குப்' போகின்றனர். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் மூட்டை சுமப்பவர் நாட்டாமி. அவர் பெறுவது சம்பளமன்று, கூலி. ஒருவர் பார்க்கிறார், மற்றவன் நிற்கிறான், இன்னொருவன் செய்கிறான்! வினைச்சொல்லோடு விகுதியும் மாறுவது மனங்கொளத்தக்கது. 'ஆர்' விகுதி பெறும் தகுதி மாதச் சம்பளத்தோடும் ஓய்வூதியத்தோடும் வந்தது. இலக்கண ஆசிரியர் உயர்திணைப் பலர்பாலுக்கும் மரியாதைக்கும் விதி வகுத்தனர். சம்பளப் பட்டியலுக்கும் விகுதிக்கும் உள்ள உறவை எமது ஆய்வாளர் இன்னும் விரிவாக ஆராயவில்லை.

கொழும்பிற் கோட்டையிலிருந்து தெற்கே வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டிச் செல்லும் புகையிரதப் பாதையே இவ்வுத்தியோகத்தரின் வாழிடத்தை வரைந்தது எனலாம். மணமாகாதோர் 'சமறி' என வழங்கிய கூட்டுக் குடித்தனங்களிலே தங்கினர். காலை வண்டியில் வெள்ளை உடையோடு செல்வர். மாலை வண்டியில் அதே உடை கசங்கித் திரும்புவர். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் நீண்ட விடுமுறைக்கு ஊர் செல்வது இலகுவாயிற்று. தொழிலாளி வேலையில் இல்லாதபோதே தன் வீட்டில் இருப்பதாக உணர்கிறான் என்ற கருத்தை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வளர்த்தார். வெள்ளவத்தை எழுதுவினைஞருக்கு அது உருவகமாக அன்றி நேர்ப்பொருளிலேயே பொருந்தியது. அவருடைய வீடு இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்தது. அலுவலகம் சம்பாதிக்கும் இடம், வெள்ளவத்தை உறங்கும் இடம், வாழ்வது பிறகு, ஓய்வு பெற்ற பின் ஊரில். முப்பது ஆண்டுக்கு மேலாக வாழ்வை ஒத்திவைத்த ஒரு வர்க்கத்தின் மனநிலையை 'குட்டிபூர்ஷுவா' என்ற ஒரு சொல்லால் எழுதி முடித்துவிடும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. அச்சொல் பிழையன்று, போதாது.

அதே வெள்ளவத்தையில் இன்னொரு தொழிலுலகம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்ட வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இந்நாட்டின் முதல் நவீன துணியாலை. அங்கு வேலை செய்தோருட் பெரும்பகுதியினர் இந்தியர், மலையாளிகள் கணிசமானோர். உலகப் பொருளாதார மந்தத்தின்போது கூலி குறைக்கப்பட்டதை எதிர்த்து 1933 பெப்ரவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கொழும்புத் தொழிலாளரின் பழைய தலைவர் ஏ. ஈ. குணசிங்க அவர்களை ஆதரிக்க மறுத்தார். 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தொடக்கி, 1923இன் பொது வேலைநிறுத்தத்தையும் 1927இன் துறைமுக வேலைநிறுத்தத்தையும் 1929இன் டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திய அதே குணசிங்கதான். முன்னர் தமிழகத்திலிருந்து வந்த கோ. நடேசையரைத் தம்மோடு இணைத்து வேலை செய்தவரும் அவரே. 1930களின் நெருக்கடியில் அவர் மலையாளி எதிர்ப்புப் பிரசாரத்தில் இறங்கினார். வேலைநிறுத்தம் செய்தோரின் இடத்துக்கு அவர் பக்கமிருந்து ஆட்கள் சென்றனர். ஆலைத் தொழிலாளருக்குத் துணைநின்றவர்கள் வாலிபர் சங்கத்து இளைஞர். புதிய ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, செயலாளர் வேர்ணன் குணசேகர. போராட்டம் முழு வெற்றியில் முடியவில்லை. எனினும் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாவதற்கு முன்னோடியான நிகழ்ச்சிகளுள் அது ஒன்று.

சமறியிலிருந்து ஆலைக்கு நடந்தே போய்விடலாம். இரு சாராரும் ஒரே காலி வீதியைப் பயன்படுத்தினர். சிலர் ஒரே மொழியையும் பேசினர். ஆயினும் எழுதுவினைஞரின் கண்ணில் ஆலைத் தொழிலாளி தமிழன் அல்லன், 'இந்தியாக்காரன்', அதிலும் கூலிக்காரன். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை நீக்க மந்திரிசபை தீர்மானித்தபோது நேரு இங்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவ்வாண்டு ஜூலையில் உருவாயிற்று. வேலை பறிக்கப்படும் முறை அன்றே ஒத்திகை பார்க்கப்பட்டது. மாதச் சம்பளக்காரர் அதைத் தமக்கு வரும் சேதி என்று வாசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் நிலைமை வேறு. துறைமுகம், தேவாலயம், கோயில், செட்டியார் தெருவின் நகைக்கடைகள், பத்தர்மாரின் பட்டறைகள், 'வத்தை' எனப்படும் நெருங்கிய குடியிருப்புகள் ஆகியன ஒன்றோடொன்று தோளுரசும் பகுதி அது. துறைமுகத்திற் சரக்கேற்றி இறக்கும் தொழில் 1958இற் கூட்டுத்தாபனமொன்றின் கீழ் வரும்வரை தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டாற் பட்டினி. பொன்வேலை செய்யும் பத்தர் அவ்வாறன்று. கைத்திறனுக்குரிய கர்வம் அவருக்குண்டு. கடை முதலாளியின் கடனும் உண்டு. இவ்விரண்டும் ஒரே மனிதனுள் எவ்வாறு கூடி வாழ்கின்றன என்பதை ஆராய்வது சுவையான பணி. வேலையை வெறுக்காமலே சுரண்டப்படலாம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கடைச் சிப்பந்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவுப்பகுதியிலிருந்து, சிறப்பாகப் புங்குடுதீவு போன்ற இடங்களிலிருந்து வந்தோர் கொழும்பிலும் தென்னிலங்கை எங்கும் கடைகளை நடத்தினர். முதலாளியும் சிப்பந்தியும் பெரும்பாலும் ஒரே ஊரவர், பல சமயம் உறவினர். சிப்பந்தி முதலாளியை 'அண்ணை' என்றும் 'மாமா' என்றும் அழைத்தான். இரவில் கடைக்குள்ளேயே படுத்தான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. ஆனால் மாமாவிடம் மேலதிக நேரக் கூலி கேட்பது எப்படி? உறவுமுறைச் சொல் முரண்பாட்டை மூடியது. அதே உறவு நாளைக்கு அவனுக்கொரு கடை வைத்துக் கொடுக்கவும் கூடும். அந்த எதிர்பார்ப்பே அவனை நிற்கவைத்தது.

மாநகரசபையின் நகரசுத்தித் தொழிலாளர் பற்றிய வரலாறே மிகவுங் கசப்பானது. தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினரிடையிலிருந்து ஆட்சேர்த்து அவர்கள் கொண்டுவரப்பட்டனர். ஊரில் விலங்காக மாட்டப்பட்டிருந்த சாதித் தொழில், கடல் கடந்ததும் நவீன நகராட்சியின் வேலைப் பிரிவாக மாறியது. வேலையோடு குடியிருப்பும் பிணைந்திருந்தமையால் வேலையை விடுவது வீட்டை விடுவதாகும். மகன் தந்தையின் இடத்துக்கு வந்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுட் பலரையும் மலையகத் தோட்டத் தொழிலாளரோடு சேர்த்து நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. கொழும்பை நாள்தோறும் சுத்தம் செய்தவர் கொழும்பில் இருக்க உரிமையற்றவராயினர். தகழியின் தோட்டித் தொழிலாளர் நாவலைத் தமிழில் வாசித்து வியந்த எமக்கு, கொழும்பின் அதிகாலைத் தெருக்களில் அத்தகைய நாவலொன்று எழுதப்படாமற் கிடப்பது தோன்றவில்லை.

இப்பிரிவுகள் ஒருமுறை அசைந்தன. 1946 ஒக்டோபரிலும் 1947 மே, ஜூனிலும் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தங்கள் அவை. இரண்டாவதில் அரசாங்க எழுதுவினைஞர் சங்கமும் இறங்கியது. சங்கத் தலைவர் ரீ. பி. இலங்கரத்ன, பின்னர் சிங்கள நாவலாசிரியராகவும் அமைச்சராகவும் அறியப்பட்டவர். அன்று வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1947 ஜூன் 5ஆந் திகதி கொழும்பில் வேலைநிறுத்த ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் வி. கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். கோறணமேந்தின் உத்தியோகத்தர், தமிழர், கோறணமேந்தின் குண்டுக்கே பலியானார். அவரோடு நடந்தோரிற் சிங்களவரும் தமிழரும், மாதச் சம்பளக்காரரும் நாட்கூலிக்காரரும் இருந்தனர். அம்மாதத்திலேயே கொண்டுவரப்பட்ட பொதுசனப் பாதுகாப்புச் சட்டம் பின்னர் வந்த அவசரகால ஆட்சிகளுக்கெல்லாம் சட்ட அடிப்படையாயிற்று. தொழிலாளருக்கு எதிராகச் செய்த ஆயுதம் பின்னர் எவ்வளவு தூரம் எறியப்பட்டது என்பதை நாமறிவோம்.

இந்த ஒற்றுமை பத்தாண்டு நிலைக்கவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர் தமிழ் எழுதுவினைஞர் தனிச்சங்கம் அமைத்தனர். சிங்களத் தேர்ச்சி பெறாதோரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. செல்லையா கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட, அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது எனக் கூறி அதனைத் தள்ளியது. 1969 டிசம்பரிற் பிரிவி கவுன்சில், ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என முடிவுசெய்து, மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற வினாவை மீண்டும் இங்கேயே அனுப்பியது. அந்த வினாவுக்கு விடை வரவேயில்லை. 1971இற் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

இவ்வழக்கு மொழியுரிமைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. தொழிலாளர் வரலாற்றில் இடம்பெறவில்லை. இஃது எமது பிழை. செய்த வேலைக்குரிய சம்பளத்தைக் கேட்டு ஓர் ஊழியன் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்ததைத் தொழிலாளர் பிரச்சினை அன்று என எந்த மார்க்சிய இலக்கணம் கூறுகிறது? 'உத்தியோக மோகம்' என்று நாம் நகைத்தோம். நகைப்பதற்கு இடமிருந்தது என்பதையும் மறைக்கவில்லை: 1948இல் தோட்டத் தொழிலாளிக்காகவும் துப்புரவுத் தொழிலாளிக்காகவும் வேலையை நிறுத்தாத உத்தியோகத்தர், 1956இல் தமக்கு நேர்ந்தபோதே அநீதியின் பெயரை அறிந்தனர். ஆயினும் தாமதமாக அறிந்தவன் அறியாதவன் ஆகான்.

1972இன் அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1933இல் வெள்ளவத்தை ஆலை வாயிலில், வேற்றுமொழி பேசிய தொழிலாளருக்காக நின்ற அதே மனிதர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை வலுவாக எதிர்த்தவர். தனிமனிதத் துரோகம் என்று இதைக் கூறி முடிப்பது எளிது. தமிழ்த் தேசியவாதிகள் அவ்வாறே முடித்தனர். இடதுசாரிகளோ பேசாதிருந்தனர். 1966 ஜனவரி 8ஆந் திகதி, தமிழ்மொழி விசேட விதிகளை எதிர்த்துக் கொழும்பில் இடதுசாரிக் கட்சிகள் ஊர்வலம் சென்றபோது, அக்கட்சிகளின் தமிழ் உறுப்பினர் என்ன உணர்ந்திருப்பர்? நாடாளுமன்ற ஆசனங்களைப் பெரும்பான்மைக் கிராமப்புற வாக்கிலே தேடிய கட்சி, நகரத் தொழிற்சங்கத்தின் பன்மொழித் தன்மையைக் கைவிட்டது என்பதே அடிப்படை விளக்கமாகலாம்.

இலக்கியம் இதில் எவ்வளவைப் பதிந்தது? 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தபின் தொழிலாளி ஈழத்துப் புனைகதையிற் பிரவேசித்தான். இளங்கீரனும், 'செவ்வானம்' (1967) எழுதிய செ. கணேசலிங்கனும் நகர வாழ்வையும் வர்க்க முரண்பாட்டையும் நாவலுக்குக் கொணர்ந்தனர். அச்சாதனை சிறிதன்று. எனினும் இப்படைப்புகளுட் பலவற்றில் தொழிலாளி வேலைநிறுத்தத்தின்போதே உயிர்பெறுகிறான். வேலை செய்யும்போது அவனைக் காண்பதரிது. நூல் அறுந்தால் விரல் எவ்வாறு முடியும், தறிகளின் இரைச்சலில் எவ்வாறு உரையாடினர், கோப்புக்கட்டை அவிழ்க்கும் எழுதுவினைஞருக்கு மாலை நான்கு மணி எப்படித் தோன்றும் என்பன இல்லை. இதற்குப் படைப்பாளியை மட்டும் பொறுப்பாக்கலாகாது. யார் சுரண்டுகிறான் என்று கேட்ட விமர்சகர், உழைப்பவனுக்கு அவ்வுழைப்பு எவ்வாறிருந்தது என்று கேட்கவில்லை. இக்கட்டுரையாளனும் தன் மாணவப் பருவத்தில் அவ்வாறே விமர்சனம் எழுதியவன்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கல்கிசையிலும் இரத்மலானையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழ் முதலாளிகளின் ஆலைகள் எரிந்தபோது அங்கு வேலைசெய்த சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்தனர். மூன்றாண்டுகளுக்கு முன், 1980 ஜூலை வேலைநிறுத்தத்திற் பல்லாயிரவர் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டு, தொழிற்சங்கங்கள் முறிக்கப்பட்டிருந்தமையை இதனோடு சேர்த்தே நோக்கவேண்டும். தெருவில் இறங்கித் தடுக்கக்கூடிய அமைப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

வெள்ளவத்தை நெசவாலை இன்றில்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. காலி வீதியின் துணிக்கடைகளில் இளம் பெண்கள் நாள் முழுதும் நிற்கின்றனர், 'எங்கை வேலை?' என்றாற் 'கடையிலை நிக்கிறன்' என்றே பதில் வருகிறது. மணியோடரின் இடத்துக்கு ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பணம் வருகிறது; அதை அனுப்புவோர் அங்கு என்ன வேலை செய்கின்றனர் என்று ஊரில் விபரமாகக் கேட்பதில்லை. 'வெளியிலை நல்லா இருக்கினம்' என்பதோடு பேச்சு முடிகிறது.