வைஃபை பதிவேடு யாரைக் காட்டுகிறது?

பொது வைஃபையில் நுழையக் கைபேசி எண்ணைக் கொடுக்கிறோம், ஓடிபி வருகிறது, அதைத் தட்டியதும் இணைப்பு கிடைக்கிறது. அதே நேரத்தில் எங்கோ ஒரு சர்வரில் நம் கணக்கில் ஒரு பதிவு தொடங்கிவிடுகிறது. குற்றவாளிகளைப் பிடிக்கவே இந்தப் பதிவு உருவானது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பில் போடுவதற்காகப் பிறந்தது. சாட்சி சொல்லும் வேலை பின்னாளில்தான் அதன் தலையில் ஏற்றப்பட்டது. அந்த வேலைக்கு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அதன் வரலாறே காட்டிவிடுகிறது.

தொலைபேசி வழியே மோடம் மூலம் இணையத்துக்குள் நுழைந்த காலம் அது. 1991இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மெரிட் நெட்வொர்க், பல ஊர்களிலிருந்து டயல் செய்து வருவோரை ஒரே இடத்தில் சரிபார்க்க வழி தேடியது. அதற்கு லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் தந்த விடைதான் ரேடியஸ். 1997இல் அது பொது ஆவணமாக வெளிவந்தபோது, பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் பகுதி தனி ஆவணமாகவே இருந்தது. வைஃபை பரவியபோது புதிதாக எதையும் தேடாமல் இதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு செஷனின், அதாவது ஒருமுறை இணைந்து விலகும் வரையிலான நேரத்தின், பதிவில் பயனர் பெயர், கருவியை அடையாளம் காட்டும் மேக் முகவரி, எத்தனை விநாடி இணைந்திருந்தது, எத்தனை பைட் வந்தது, போனது என்பவை இருக்கும். தொடக்கத்துக்கு ஒரு செய்தி, முடிவுக்கு ஒரு செய்தி. மின்சாரம் போய் முடிவுச் செய்தி வராமலே போனால், ஆள் எப்போதோ கிளம்பிய பிறகும் செஷன் திறந்தே கிடக்கும். அதனால்தான் இடையிடையே நிலவரம் அனுப்பும் முறையைச் சேர்த்தார்கள். பைட் எண்ணும் கட்டம் 32 பிட் என்பதால் 4 ஜிபி தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2000இல் அதற்கும் ஒரு கூடுதல் கட்டம் வந்தது. இவை எல்லாமே கணக்கு பிசகாமல் இருக்கச் செய்த ஒட்டுவேலைகள். கருவியைக் கையில் வைத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை.

இந்தியாவில் திருப்பம் 2008இல் வந்தது. ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டப்படாத வைஃபை வழியே அனுப்பப்பட்டிருந்தது. ஐபி முகவரி அந்த வீட்டைக் காட்டியது. குடியிருந்தவர் விசாரணைக்கு ஆளானார். அனுப்பியவர்களோ வேறு ஆட்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை விதி வகுத்தது: பொது இடத்தில் வைஃபை தருபவர் புகைப்பட அடையாளச் சான்றின் நகலை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அல்லது கைபேசிக்கு எஸ்எம்எஸ் மூலம் கடவுச்சொல் அனுப்ப வேண்டும். இன்றைய ஓடிபி பழக்கத்தின் வேர் இதுதான். பெயரில்லாத இணைப்பால் வந்த ஆபத்துக்கு அது நியாயமான பதில். ஆனால் முகவரியை ஆளாக எடுத்துக்கொண்டதுதான் அந்தச் சம்பவத்தில் நடந்த பிழை. அதைப் புதிய விதி தீர்க்கவில்லை.

பதிவே இல்லாவிட்டால் துப்பு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. துப்பாக அது பயன்படட்டும். தீர்ப்பாக ஆகிவிடக் கூடாது. ஒருவரின் சிம்மை இன்னொருவர் பயன்படுத்துவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. மேக் முகவரியும் நிலையானதல்ல. 2020இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியையே காட்டுகின்றன. எந்த ஆக்சஸ் பாயின்ட்டில் நெரிசல், எங்கே சிக்னல் அறுகிறது என்று பார்க்கப் பொறியாளர்களுக்கும் செஷன் விவரம் வேண்டும் என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குச் சில நாள் பதிவு போதும். எல்லோருடைய தகவல்தொடர்பு விவரங்களையும் மாதக்கணக்கில் சேமிக்கச் சொன்ன ஐரோப்பிய ஆணையை, அது அளவு மீறியது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ரத்து செய்தது.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. வைஃபை தரும் விடுதிகளும் கல்லூரிகளும் எதை, எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதை நுழைவுப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். எழுதாத இடத்தில், எண்ணைக் கொடுக்கும் முன் நாம் கேட்போம்.