ஸ்டீயரிங் பெட்டியும் மில்லிங் மிசினும்

போன மாசம் கோயம்புத்தூர்ல மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில பழைய மில்லிங் மிசின் ஒண்ணு வச்சிருக்கான். அதைக் கம்ப்யூட்டர்ல ஓட்டணும்னு பழைய திருகுத் தண்டைக் கழட்டிட்டு, புதுசா பால் ஸ்க்ரூ வாங்கியிருந்தான். உள்ள எப்படி இருக்குன்னு பார்க்க நட்டைத் தண்டிலிருந்து உருவப் போனான். "மாப்ள, கையை எடு!"ன்னு கத்திட்டேன்.

நான் பட்டவன். பதினஞ்சு வருஷம் முந்தி எங்க டிராக்டர் ஸ்டீயரிங் பெட்டியை வரப்பு மேல வச்சு நானே பிரிச்சேன். நட்டு வெளிய வந்ததும் பால்ரஸ் அத்தனையும் சேத்துல சிதறுச்சு. இருட்டுற வரைக்கும் சல்லடை போட்டும் ரெண்டு கிடைக்கல. மெக்கானிக் பழசு புதுசு கலக்கக் கூடாதுன்னு மொத்தமா மாத்தினார். உழவு ரெண்டு நாள் நின்னுபோச்சு.

மச்சினன் வாங்கினதும் அதே வம்சம்தான்.

1800 வாக்கில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே துல்லியமாக மரை வெட்டும் லேத்தைச் செய்தார். அதுக்கப்புறம் வந்த மிசின்களில் டேபிளை நகர்த்தியது சாதா திருகுதான். மரையோடு மரை உரசும், தேயும். அதுவும் வேலை அதிகம் நடக்கும் நடுப்பகுதிதான் சீக்கிரம் தேயும். நடுவுக்குச் சரியா நட்டை இறுக்கினா, ஓரத்துல போய் சிக்கிக்கும். மச்சினன் மிசின்ல ஹேண்டிலைக் கால் சுத்து திருப்பினாலும் டேபிள் அசையாது. பழைய தொழிலாளிகள் எப்பவும் ஒரே பக்கத்திலிருந்து திருப்பி வந்து அந்த ஆட்டத்தைச் சமாளிச்சாங்க. கைக்கு அது பழகிடும்.

உரசலுக்குப் பதிலா உருளல்ங்கிற யோசனை கார்ல பெரிசா வந்தது 1940இல். ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா ஸ்டீயரிங் பிரிவு செய்த பெட்டி காடிலாக் காரில் ஏறியது. தண்டுக்கும் நட்டுக்கும் நடுவில் குண்டுகள் உருளும். ஒரு முனைக்குப் போனதும் குழாய் வழியாத் திரும்பி வந்துடும். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓட்டை போட்ட காகித நாடாவைப் படிச்சு ஒரு மில்லிங் மிசின் தானா வெட்டியது. மிசினுக்கு மனுஷக் கை மாதிரி ஆட்டம் தெரியாது, சொன்ன கணக்குக்குத்தான் போகும். அதனால அந்த வகை மிசின்களில் பால் ஸ்க்ரூவே வழக்கமாச்சு.

மாட்டுறதுல அவசரம் ஆகாது. நட்டை அதோட வந்த குழாய் மேல நகர்த்திக்கிட்டே தண்டுக்கு மாத்தணும், இடைவெளி விட்டா குண்டு கொட்டிடும். ஒரு முனையில ஜோடி பேரிங் இறுக்கமா, மறுமுனை சூட்டுக்கு நீள இடம் விட்டு. டேபிளை பேரிங் பக்கம் ஒட்டக் கொண்டுவந்த பிறகுதான் நட்டோட போல்ட்டை முறுக்கினோம், இல்லேன்னா தண்டு வளைஞ்சு இழுக்கும்.

மாட்டி முடிச்சு டேபிளை லேசாத் தள்ளினேன். திருகு தானாச் சுத்திக்கிட்டு டேபிள் போகுது! பழைய திருகு உரசலாலயே பிடிச்சு நிக்கும், இது நிக்காது. அதனால மேல கீழ போற திருகை மட்டும் மாத்தாதேன்னு சொன்னேன், தலைபாகம் கட்டர் மேலேயே இறங்கிடும். பிரேக் வச்ச மோட்டார் வாங்கப் பணம் சேரட்டும்னு அதை அப்படியே விட்டிருக்கான்.