எலிபெண்டாத் தீவும் தொலைந்த கல்வெட்டும்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடும்பத்துடன் எலிபெண்டாத் தீவுக்குச் சென்றிருந்தேன். குகைக் கோயிலின் உள்ளே மூன்று திருமுகங்களுடன் விளங்கும் பெருமானின் முன்னே நாங்கள் நின்றபோது, ஒன்பது வயது நிரம்பிய என் இளைய மகள், "அப்பா, இதை எந்த ராஜா கட்டினார்? அவர் பேர் எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அதற்கு முந்திய கோடை விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு வந்தவள் அவள். அங்கே சுவரெல்லாம் எழுத்தாயிருக்கக் கண்டவளுக்கு இங்கே ஓர் எழுத்தும் இல்லாதது வியப்பாயிற்று. எனக்கோ விடை கூற இயலவில்லை. நெடுங்காலமாக மும்பையில் வாழ்ந்தும், கடற்கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் ஒரு தீவின் சரித்திரம் தெரியாதிருந்ததை எண்ணி நாணினேன். வீடு திரும்பிய பின் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வரும் தை மாதத்தில் நம் சங்கத்து உறுப்பினர் குடும்பங்கள் ஒன்றுகூடி அத்தீவுக்கு ஒருநாள் பயணம் செல்வதென்று முடிவாகியிருப்பதை அன்பர்கள் அறிவர். புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் ஏற்பாடு செய்யத் தாய்மார்கள் இருக்கிறார்கள். கூடவே கொஞ்சம் சரித்திரத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு போனால், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல உதவும் என்பதே என் நோக்கம்.

தீவும் அதன் பெயரும்

கேட்வே ஆப் இந்தியா தோணித்துறையிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், துறைமுகத்தின் நடுவே இத்தீவு உள்ளது. விசைப்படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மும்பைக்கு இத்தனை அருகில் இருந்தாலும், ஆட்சி முறையில் இது ராய்கட் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு குன்றுகளும், அவற்றின் இடையே ஒரு பள்ளத்தாக்கும், மூன்று சிற்றூர்களும் கொண்டது. எதிர்க்கரையில் இரவெல்லாம் மின்விளக்குகள் ஒளிர, இச்சிற்றூர்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்து சேர்ந்தது 2018-ஆம் ஆண்டில்தான் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

உள்ளூர் மக்கள் இதனைக் காராபுரி என்பர். எலிபெண்டா என்பது போர்த்துகீசியர் இட்ட பெயர். அவர்கள் கரையிறங்கிய இடத்தருகே கல்லில் செதுக்கிய பெரிய யானை ஒன்று நின்றது. அதனைக் கண்டு தீவையே யானைத்தீவு என்னும் பொருள்பட அழைத்தனர். அந்த யானையின் கதையும் கேட்கத் தக்கதே. 1814-இல் அதன் தலையும் கழுத்தும் இற்று விழுந்தன. 1864-இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து, யானை துண்டு துண்டாயிற்று. அத்துண்டுகள் பைகுல்லாவில் உள்ள தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1914-இல் மீண்டும் ஒட்டி நிறுத்தப்பட்டன. ராணியின் பாக் என்று நாம் குழந்தைகளை அழைத்துச் செல்லும் ஜீஜாமாதா தோட்டத்தை அடுத்து, டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே இன்றும் அந்த யானையைக் காணலாம். தீவுக்குப் பெயர் தந்த யானை தீவில் இல்லை. அதன் பக்கமாக நாம் பலமுறை நடந்து சென்றிருக்கிறோம்.

கோயிலைக் காணும் முறை

குன்றின் மேல் ஏறக்குறைய 120 படிகளைக் கடந்தால் பெரிய குகையை அடையலாம். இது கல்லை அடுக்கிக் கட்டிய கோயிலன்று. மலையைக் குடைந்து, தூணும் கூரையும் தெய்வத் திருமேனியும் அந்த மலையிலேயே நிற்க, வேண்டாத கல்லை மட்டும் வெட்டி அகற்றிச் செய்தது. முகப்பிலிருந்து பின்சுவர் வரை சுமார் 130 அடி. ஒரு தூணில் உளி தவறினாலும் வேறு தூண் கொண்டுவந்து வைக்க முடியாது என்பதை நினைந்து பார்க்க வேண்டும்.

வடக்கு வாயிலில் நுழைந்ததும் இடப்புறத்தில் யோக நிலையில் அமர்ந்த சிவபெருமானையும், வலப்புறத்தில் ஆடும் பெருமானையும் காணலாம். அசையாதிருப்பவனும் அவனே, ஆடுகின்றவனும் அவனே என்பதை வாயிலிலேயே சொல்லிவிட்டான் சிற்பி. இந்நடனம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் நாம் காணும் ஆனந்த தாண்டவம் அன்று. அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

நேரே தென்சுவரில், சுமார் 20 அடி உயரத்தில், மார்பளவாகத் தோன்றும் மூன்று முகங்கள். நம் இடப்புறத்து முகம் மீசையும் சினமும் கொண்ட அகோரம்; வலப்புறத்து முகம் பெண்மையின் மென்மையோடு விளங்கும் வாமதேவம்; நடுவே கண்மூடி அமைதியில் ஆழ்ந்திருப்பது தத்புருஷம். பிரமன், திருமால், உருத்திரன் ஆகிய மூவரே இவர் என முன்பு பலர் எழுதினர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறையில் பணியாற்றிய கோபிநாத ராவ், ஆகமங்களை ஆராய்ந்து, இது சிவபெருமானின் மகேச வடிவமே என்று காட்டினார். ஐந்து முகங்களில் மூன்றே நமக்குத் தெரிகின்றன. ஒன்று பாறைக்குள் பின்னே, ஒன்று மேலே என்று கொள்வர் அறிஞர்.

அதன் இருபுறத்தும் அர்த்தநாரியும், கங்கையைச் சடையில் தாங்கிய பெருமானும் உள்ளனர். தென்மேற்கு மூலையில் திருக்கல்யாணக் காட்சி. அங்கே உமையம்மை பெருமானின் வலப்பக்கத்தில் நிற்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். மணம் முடியும் வரை மணமகள் வலப்பக்கம், முடிந்த பின் இடப்பக்கம் என்ற வழக்கத்தைச் சிற்பி அறிந்திருந்தான். நாணத்தால் தலை சாய்ந்த அந்த மணமகளின் உருவம், உடைந்த நிலையிலும் உள்ளத்தை உருக்குவது.

கிழக்குப் பக்கத்தில் கயிலையை எடுக்கும் இராவணன். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணன் கயிலையை எடுத்து அல்லலுற்ற வரலாற்றைப் பாடியிருப்பது நாம் அறிந்தது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் அவதரிப்பதற்கு முன்பே, தமிழகத்துக்கு நெடுந்தொலைவில், மேலைக் கடலின் நடுவே அதே வரலாற்றை யாரோ ஒருவன் கல்லில் எழுதியிருக்கிறான்.

அந்த யாரோ ஒருவன் யார்? என் மகளின் கேள்விக்கே வந்து சேர்ந்தோம்.

அரசனுக்கு அனுப்பிய கல்

1534-ஆம் ஆண்டில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வசாயையும் அதனைச் சார்ந்த நிலங்களையும் தீவுகளையும் போர்த்துகீசியருக்கு உடன்படிக்கை வழியாகத் தந்தான். அதே ஆண்டில் இக்குகையைக் கண்ட கார்சியா த ஓர்தா என்னும் மருத்துவர், 1563-இல் கோவாவில் அச்சான தம் நூலில் இதன் சிறப்பை எழுதியுள்ளார். கால்நடைகள் உள்ளே புகுந்து கோயில் சிதைந்து வருவதையும் அவர் குறித்தார்.

அவருக்குப் பின் வந்த தியோகோ தோ கூத்தோ என்னும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் எழுதிய செய்தியே நம் நெஞ்சைச் சுடுவது. கோயில் வாயிலின் மேல் பெரிய எழுத்துகள் செம்மையாகப் பொறித்த கல் ஒன்று இருந்ததாம். வசாய்ப் பகுதி கைக்கு வந்ததும் அக்கல்லைப் பெயர்த்தெடுத்தனர். இந்நாட்டில் அதைப் படிக்க வல்லார் எவரேனும் உண்டா என்று ஆளுநர் தேடிப் பார்த்தார், எவரும் இலர். பின்னர் கல் போர்த்துகல் நாட்டு அரசர் மூன்றாம் ஜானுக்கு அனுப்பப்பட்டது. அவரும் முயன்று பார்த்தார், பயனில்லை. கல் அங்கேயே கிடந்தது. பிறகு அதன் சுவடே இல்லாமற் போயிற்று.

இதில் யாரை நொந்துகொள்வது? பெயர்த்தவன் பகைமையால் பெயர்த்தானில்லை. படித்தறியும் ஆவலாலேயே பெயர்த்தான் போலும். நம்மவரும் தம் முன்னோர் எழுதிய எழுத்தைத் தாமே படிக்க முடியாத நிலையில் இருந்தனர். இந்நாட்டின் பழைய பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டியது 1837-இல். அதற்குப் பின் வந்த அறிஞர்கள் எத்தனையோ பழைய கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டார்கள். அக்கல் இன்னும் முந்நூறு ஆண்டுகள் தன் இடத்திலேயே இருந்திருக்குமானால், கோயில் எடுத்தவன் பெயர் நமக்குத் தெரிந்திருக்கும்.

கல் போனபின் கதைகள் பிறந்தன. பாணாசுரன் தன் மகள் உஷைக்காகக் கட்டினான் என்று தோ கூத்தோ காலத்தில் மக்கள் கூறினர். பாண்டவர் வனவாசத்தில் குடைந்தது என்பாரும் உண்டு. பெயர் தெரியாத வீட்டுக்கு ஆளுக்கொரு சொந்தக்காரர் வருவது உலக இயல்பன்றோ!

ஆராய்ச்சியாளர் கண்ட விடை

இனி, அறிஞர் கூறுவதைப் பார்ப்போம். முன்பு சிலர் இதனை இராஷ்டிரகூடர் பணி என்றும் எழுதினர். ஆனால் இத்தீவில் கலச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்தன. அவன் ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்டவன், சிவபக்தன். நம் மின்சார ரயில் பாதையில் உள்ள ஜோகேஸ்வரியின் குகைக் கோயிலோடு ஒப்பிட்டும் அக்காலத்தையே இக்கோயிலுக்கும் கூறுகின்றனர். ஆகவே கலச்சூரி மன்னர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 550-ஐ ஒட்டி இக்கோயில் எழுந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. ஆயினும் இது நாணயத்தையும் சிற்ப அமைதியையும் கொண்டு ஊகித்ததே தவிர, செய்தவனே சொன்ன சொல் அன்று.

தமிழர்க்கு அறிமுகமான வேறொரு கல்வெட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். கி.பி. 634-இல் ஐகோளேயில் பொறிக்கப்பட்ட இரண்டாம் புலிகேசியின் கல்வெட்டில், காஞ்சிப் பல்லவனோடு அவன் பொருத செய்தி உள்ளது. அதே கல்வெட்டில், கொங்கணத்து மௌரியரின் புரி என்னும் நகரை அவன் கப்பற்படையோடு முற்றுகையிட்ட செய்தியும் உள்ளது. அந்தப் புரி இந்தக் காராபுரியே என்பர் ஒரு சாரார். வேறிடம் என்பர் மற்றொரு சாரார். அப்பல்லவர் குலத்து மகேந்திரவர்மன், மண்டகப்பட்டில் தான் குடைந்த சிறிய குகைக் கோயிலில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் இதனைச் செய்தேன் என்று தன் விருதுப்பெயரோடு எழுதிவைத்தான். அக்கோயில் எலிபெண்டாவின் ஒரு மூலைக்கும் காணாது. ஆனால் எழுத்து நின்றது. ஆகவே அவன் பெயரும் நின்றது. தஞ்சையிலோ, இராசராசன் தன் பெயரோடு நில்லாமல், கோயிலில் ஆடிய நானூறு மகளிரின் பெயரையும் கல்லில் எழுதச் செய்தான்.

நிற்க. கல் பெயர்க்கப்பட்ட பிறகும் கோயிலுக்கு நற்காலம் வரவில்லை. போர்த்துகீசியச் சிப்பாய்கள் சிற்பங்களைக் குறியாக வைத்துத் துப்பாக்கி சுட்டுப் பழகினர் என்பது நெடுநாளாக எழுதப்பட்டு வரும் செய்தி. பின்னர் மராட்டியர் வசம் இருந்த தீவு, 1782-ஆம் ஆண்டின் சால்பாய் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு உறுதியாயிற்று. 1875-இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு இக்குகைக்குள்ளேயே விருந்து நடந்தது. 1987-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. இன்று தொல்பொருள் துறை இதனைக் காத்து வருகிறது.

பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமைகளில் குகை மூடப்பட்டிருக்கும். நாம் ஞாயிறன்று செல்வதால் கவலையில்லை. காலை ஒன்பது மணி அளவில் புறப்படும் படகிலேயே ஏறிவிடுவது நல்லது. வெயில் ஏறுமுன் படிகளைக் கடந்துவிடலாம். தோணித்துறையிலிருந்து படிக்கட்டின் அடிவரை சிறிய ரயில் உண்டு. ஏற இயலாத முதியோருக்கு நாற்காலியில் சுமந்து செல்லும் ஆட்களும் கிடைப்பர். குரங்குகள் மிகுதி, உணவுப் பைகளைக் கையில் தொங்கவிடலாகாது. படகில் மிதவைச் சட்டையை அணியாமல் எவரும் இருத்தல் கூடாது. 2024 டிசம்பர் 18 அன்று இத்தீவுக்குச் சென்ற படகின்மேல் கடற்படையின் விசைப்படகு மோதிப் பலர் உயிரிழந்ததை நாம் மறப்பதற்கில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பதிவேடுகளோடு காலந்தள்ளும் எளிய குமாஸ்தா நான். ஒரு தாள் தொலைந்தால் ஒருவரது பல ஆண்டுச் சேவை இல்லையென்றாகிவிடும் என்பதை அலுவலில் கண்டவன். நம் சங்கத்தின் முதல் சில ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பேடு இன்று நம்மிடம் இல்லை. ஒரு பெருமழையில் நனைந்து அழிந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வாடகை அறையில் பாய் விரித்து முதற்கூட்டம் நடத்தியவர்கள் யார், முதற் சந்தா தந்தவர் யார் என்பதை அறிந்த முதியோர் ஓரிருவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பயண நாளன்று படகில் போக ஒரு மணி, வர ஒரு மணி, ஆக இரண்டு மணி நேரம் அவர்கள் நம்மோடு அமர்ந்திருப்பார்கள். கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை நான் கொண்டு வருகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல நம் பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்கவும் கற்கட்டும்.

என் மகளுக்கு இப்போது நான் தரக்கூடிய விடை இதுதான்: "செய்தவர் தம் பெயரை எழுதித்தான் வைத்தார், அம்மா. அதைக் காக்கவும் படிக்கவும் நமக்குத்தான் தெரியாமற் போயிற்று."