பொம்மைகள் பாடிய தட்டு

1977 ஜூன் கடைசி வாரத்தில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த தட்டில் பாடியவர்கள் ஒரு தவளை, ஒரு பன்றி, ஒரு கரடி, பியானோ வாசிக்கும் ஒரு நாய், இன்னும் எந்த இனம் என்றே சொல்ல முடியாத சில பிராணிகள். அதற்கு முந்தைய வாரம் அதே இடத்தில் இருந்தது பீட்டில்ஸ் குழுவின் ஹாலிவுட் பௌல் கச்சேரிப் பதிவு. பீட்டில்ஸைக் கீழே இறக்கிவிட்டு, ‘தி மப்பெட் ஷோ’ என்ற பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடரின் பாட்டுத் தொகுப்பு மேலே ஏறியது. ஒரே ஒரு வாரம்தான் அங்கே இருந்தது. ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு வந்து சேர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொடக்கம் 1955இல், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹென்சன், சக மாணவி ஜேன் நீபலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் ‘சாம் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சியை நடத்தினார். பின்னாளில் இருவரும் மணந்துகொண்டார்கள். அந்த நிகழ்ச்சிக்காக ஹென்சன் செய்த பொம்மைகளில் ஒன்று கெர்மிட். அம்மா போட்டுக் கழித்த பழைய கோட்டுத் துணியில் உடம்பு, பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்கள். அப்போது அது தவளைகூட இல்லை. பல்லி போன்ற ஏதோ ஒரு பிராணி.

அந்தப் பொம்மைகள் பெரும்பாலும் சொந்தக் குரலில் பாடவில்லை. லூயி பிரைமாவும் கீலி ஸ்மித்தும் பாடிய தட்டோ, ஸ்டான் ஃப்ரீபெர்க்கின் நகைச்சுவைத் தட்டோ சுழலும். பொம்மை அதற்கு வாயசைக்கும். குறைந்த செலவில் நிகழ்ச்சி நடத்த அதுதான் வழி. ஆனால் அந்தச் சிக்கனம் ஹென்சனுக்கு ஒரு பெரிய பயிற்சியாக அமைந்தது. எந்த அசையில் வாய் திறக்க வேண்டும், எந்த இடைவெளியில் தலையைச் சாய்க்க வேண்டும், எப்போது ஒன்றும் செய்யாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் கை பிறருடைய பாட்டுகளிடமிருந்து கற்றுக்கொண்டது. மரத்தில் செதுக்கிய முகத்துக்குப் பதிலாக மெத்தென்ற துணி முகத்தை அவர் விரும்பியதும் இதனால்தான். உள்ளே இருக்கும் விரல்கள் லேசாக வளைந்தாலே முகம் வருத்தம் காட்டும், வெட்கம் காட்டும்.

1969இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. ஹென்சனின் பொம்மைகள் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகங்களாயின. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: பொம்மை என்றால் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் கெட்டிப்பட்டுவிட்டது. குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய மாலைநேர நிகழ்ச்சி ஒன்றை நடத்த அவர் ஆசைப்பட்டார். 1974, 1975 ஆண்டுகளில் இரண்டு மாதிரி நிகழ்ச்சிகள் தயாரித்துக் காட்டியும் பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் எதுவும் தொடராக எடுத்துக்கொள்ளவில்லை. கைகொடுத்தவர் அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த லூ கிரேட். உக்ரைனில் பிறந்து, சிறுவனாக லண்டன் வந்து, சார்ல்ஸ்டன் நடனப் போட்டிகளில் பரிசு வாங்கி, பிறகு தொலைக்காட்சி முதலாளியானவர். மேடைக் கலையில் வளர்ந்த மனிதருக்கு, ஓட்டை உடைசல் நாடகக் கொட்டகையில் ஒரு தவளை தட்டுத் தடுமாறி நிகழ்ச்சி நடத்தும் கதை புரிந்ததில் வியப்பில்லை. லண்டனுக்கு வடக்கே போரம்வுட்டில் இருந்த தம்முடைய ஏ.டி.வி. ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். 1976இல் ஒளிபரப்பு தொடங்கியது. பை ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியும் ஏ.டி.வி.க்கே சொந்தம். ஆகவே தட்டு பிறப்பதற்கு வேறு வாசல் தேட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் அதை அரிஸ்டா வெளியிட்டது.

பாட்டு உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பே பாட்டுகள் பதிவாகிவிடும். இசைக்குழுவை ஜாக் பார்னெல் நடத்தினார். ரால்ஃப் என்ற நாய் வாசிப்பதாக நாம் பார்க்கும் பியானோவை உண்மையில் வாசித்தவர் டெரெக் ஸ்காட். வெறிபிடித்த அனிமல் அடிக்கும் டிரம்ஸ் ரானி வெரெல் என்ற தேர்ந்த கலைஞருடையது. படப்பிடிப்பின்போது தளம் ஆளுயரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டிருக்கும். கலைஞர்கள் கீழே நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கி, தரையில் வைத்த சிறு டி.வி. திரையைப் பார்த்தபடி பொம்மையை ஆட்டுவார்கள். குரல் கொடுத்தவரே ஆட்டவும் செய்வார். அரங்கில் பார்வையாளர் கிடையாது; சிரிப்பொலி பிறகு சேர்க்கப்பட்டது. 1955இல் பிறர் தட்டுக்கு வாயசைத்த அதே முறை, இப்போது தம் குரலுக்குத் தாமே வாயசைப்பதாக மாறியிருந்தது.

முதல் பருவத்தில் வந்த பாட்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்துத் தட்டைத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அதில் பெரும்பகுதி இரவல் என்பதுதான். முகப்புப் பாட்டு ஹென்சனும் சாம் பாட்டிலும் சேர்ந்து எழுதிய சொந்தச் சரக்கு. மற்றவற்றில் பல, எங்கெங்கோ பாடப்பட்டு, பாதி மறக்கப்பட்டு, மூலையில் கிடந்தவை. ‘டிட் வில்லோ’ 1885இல் அரங்கேறிய கில்பர்ட்–சல்லிவனின் ‘தி மிக்காடோ’ இசைநாடகத்துப் பாட்டு. ரால்ஃபும், எப்போதும் விறைப்பாக நிற்கும் சாம் என்ற கழுகும் அதைப் பாடுகிறார்கள். மிஸ் பிக்கி என்ற பன்றி பாடும் ‘வாட் நௌ மை லவ்’ பிரெஞ்சுப் பாடகர் ஜில்பெர் பெக்கோவின் பாட்டிலிருந்து வந்தது. ‘சைமன் ஸ்மித்’ ராண்டி நியூமன் எழுதியது. 1967இல் ஆலன் பிரைஸ் பாடி பிரிட்டனில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது. அதை ஸ்கூட்டர் என்ற பொம்மையும் ஃபாஸி கரடியும் பாடும்போது, பாட்டில் வரும் நடனக் கரடியே எதிரில் வந்து நிற்கிறது. கேலி செய்வதற்காக இவற்றை எடுக்கவில்லை. பழைய பாட்டின் மேல் ஹென்சன் குழுவுக்கு இருந்த மரியாதை ஒவ்வொரு தடத்திலும் தெரிகிறது.

‘மாநா மாநா’வின் கதை விசித்திரமானது. இத்தாலிய இசையமைப்பாளர் பியரோ உமிலியானி 1968இல், சுவீடனின் கட்டுப்பாடற்ற வாழ்க்கையைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்ட வயது வந்தோருக்கான படம் ஒன்றுக்கு இசையமைத்தார். பெண்கள் நீராவிக் குளியலுக்குப் போகும் காட்சிக்குப் பின்னணியாக, பொருளே இல்லாத இந்தப் பாட்டு வந்தது. அடுத்த ஆண்டே ஹென்சன் குழு அதை எடுத்துச் சிறுவர் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் பாடியது, 1969 நவம்பரில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ஆடிக்காட்டியது. 1976இல் ‘மப்பெட் ஷோ’விலும், பிறகு தட்டிலும் ஏறியது. கலைந்த தலைமுடிக்காரன் ஒருவன் கட்டுக்கடங்காமல் தன் போக்கில் பாடிக்கொண்டே போவான். இரண்டு இளஞ்சிவப்பு உருவங்கள் ஒழுங்கு தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒழுங்குக்கும் மீறலுக்கும் நடக்கும் இழுபறியை இதைவிடச் சுருக்கமாக இசையில் சொன்ன வேறொன்றை நான் கேட்டதில்லை. பொம்மைகள் கிளப்பிவிட்ட ஆர்வத்தால், உமிலியானியின் மூலப்பதிவும் 1977இல் பிரிட்டனின் முதல் பத்துப் பாட்டுகளில் இடம்பிடித்தது.

இந்தத் தட்டின் உயிர் என்று நான் நினைப்பது ‘ஹாஃப்வே டவுன் தி ஸ்டேர்ஸ்’. ஏ.ஏ. மில்ன் 1924இல் வெளியிட்ட சிறுவர் பாடல் புத்தகத்தில் உள்ள கவிதை அது. ‘வின்னி தி பூ’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த புத்தகம். அதற்கு மெட்டமைத்தவர் ஹரால்ட் ஃப்ரேசர்-சிம்ஸன். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, கெர்மிட்டின் உடன்பிறந்தார் பிள்ளை என்று சொல்லப்பட்ட ராபின் என்ற குட்டித் தவளை மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து அதைப் பாடியது. மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுப்படியில் உட்காரும் பிள்ளையின் மனம்தான் பாட்டின் பொருள். பெரியவர்களின் வீட்டில் தனக்கென்று ஓர் இடம் தேடிய எந்தக் குழந்தைக்கும் அது புரியும். குரல் ஜெர்ரி நெல்சனுடையது. நன்றாக வளர்ந்த ஓர் ஆண், குழந்தைக் குரலில் பாடுவது எளிதில் செயற்கையாகிவிடும். நெல்சன் குரலை மெல்லியதாக்கினாரே தவிரக் கொஞ்சவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டார். இந்தப் பாட்டு தனித்தட்டாகவும் வந்து பிரிட்டனில் ஏழாம் இடம்வரை போனது. மில்னின் வரிகளோடு வளர்ந்த பெற்றோரும், தவளைக்காக டி.வி. முன் உட்கார்ந்த பிள்ளைகளும் ஒன்றாகக் கேட்ட பாட்டு அது. தொகுப்பை முதலிடத்துக்கு உயர்த்தியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கடைசிப் பகுதியில் கெர்மிட் பாடும் ‘பீயிங் கிரீன்’ வருகிறது. இது ஹென்சன் வீட்டுக்குள்ளேயே பிறந்தது எனலாம்; 1970இல் ‘செசமி ஸ்ட்ரீட்’டுக்காக ஜோ ரபோஸோ எழுதினார். பச்சையாக இருப்பதன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கி, அந்த நிறத்தை ஏற்றுக்கொள்வதில் முடியும் பாட்டு. அமெரிக்காவில் நிறத்தின் பெயரால் நடந்த போராட்டங்களின் சூடு ஆறாத நாட்கள் அவை. பாட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கேட்டவர்களுக்குப் புரியாமலும் போகவில்லை. ஃபிராங்க் சினாட்ராவும் ரே சார்ல்ஸும் இதைப் பாடியிருக்கிறார்கள். இரவல் பாட்டுகளுக்கு வாயசைத்துத் தொடங்கிய பொம்மையின் பாட்டை, பெரிய பாடகர்கள் இரவல் வாங்கும் காலம் வந்திருந்தது. இருந்தாலும் கெர்மிட்டுக்குக் குரல் கொடுத்த ஹென்சனின் தொண்டையடைத்த, பாட்டுத் தேர்ச்சி இல்லாத குரலில்தான் இந்தப் பாட்டு தன் முழு உண்மையோடு இருக்கிறது.

எல்லாத் தடங்களும் இந்த உயரத்தில் இல்லை. ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’ இசைக்கேற்ப கான்ஸோ என்ற பொம்மை ரப்பர் டயரைத் தின்னும் காட்சியைத் தட்டில் வைத்தது துணிச்சல்தான், ஆனால் பார்க்காமல் அதில் பாதிதான் கிடைக்கிறது. மாறாக மார்வின் சக்ஸ் என்ற பொம்மை வாசிக்கும் மப்பஃபோன், காதால் மட்டும் கேட்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. வரிசையாக உட்கார்ந்த பஞ்சுருண்டைப் பிராணிகளின் தலையில் சுத்தியால் அடிக்க, ஒவ்வொன்றும் தன் சுருதியில் வலியால் கத்தும். ‘லேடி ஆஃப் ஸ்பெயின்’ அப்படித்தான் உருவாகிறது.

1979இல் சிறந்த சிறுவர் பதிவுக்கான கிராமி விருது இந்தத் தட்டுக்குக் கிடைத்தது. தொடர் 1981இல் 120 நிகழ்ச்சிகளோடு நின்றது. 1990 மே 16 அன்று ஹென்சன் நியூயார்க்கில் இறந்தார், வயது 53. அங்குள்ள செயிண்ட் ஜான் தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு, அவர் விருப்பப்படியே யாரும் கறுப்பு உடையில் வரவில்லை. ‘செசமி ஸ்ட்ரீட்’டின் பிக் பேர்ட் என்ற பறவை மஞ்சள் உடலோடு வந்து நின்று ‘பீயிங் கிரீன்’ பாடியது. அதை எழுதிய ரபோஸோ அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டிருந்தார்.

பிறகு சி.டி. காலம். 1993இலும், இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2002இலும் புதிய தொகுப்புகள் வந்தன; முதல் தட்டின் பாட்டுகள் அவற்றில் இடம் மாறி உட்கார்ந்தன. 2004இல் மப்பெட்டுகளை டிஸ்னி வாங்கியது. அடுத்த ஆண்டு முதல் பருவம் டி.வி.டி.யாக வந்தபோது, பாட்டு உரிமைச் சிக்கலால் சில பாட்டுக் காட்சிகள் வெட்டப்பட்டிருந்தன. ஊரெங்கும் இரவல் வாங்கிய நிகழ்ச்சிக்கு இது வரக்கூடிய கஷ்டமே. ஆனாலும் எனக்கு வருத்தம்தான். ஒரு பாட்டை வெட்டினால் அந்த நிகழ்ச்சியின் அரை மணி நேரத்துக் கோப்பே குலைகிறது. 2011இல் புதிய தலைமுறைக் கலைஞர்கள் மப்பெட் பாட்டுகளைப் பாடிய ‘தி கிரீன் ஆல்பம்’ வந்தது. அதில் ‘ஹாஃப்வே டவுன் தி ஸ்டேர்ஸ்’ பாடியவர் எவனெஸன்ஸ் குழுவின் ஏமி லீ. மில்னின் கவிதை அச்சேறி அப்போது 87 ஆண்டுகள்.

பிற்காலத் தொகுப்புகள் ஒலித் துல்லியத்தில் மேல். ஆனால் எல்லாக் காலத்துப் புகழ்பெற்ற பாட்டுகளையும் அவை அருகருகே அடுக்குகின்றன. 1977இன் தட்டோ ஒரு மாலைநேர நாடகக் கொட்டகையைப் போல முகப்பிசையில் திறந்து, கோமாளித்தனம், தோல்வி, கொஞ்சம் துக்கம் என்று போய், முடிவிசையில் திரையைப் போடுகிறது. அந்த வரிசையில் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் முதலில் காட்சியைக் காட்டாதீர்கள். பாட்டை மட்டும் போடுங்கள். ராபின் எப்படி இருப்பான் என்று அவர்களே ஒரு படம் வரையட்டும். தவளையை அதன் பிறகு காட்டலாம்.