பாலம் (பாடல் அமைப்பு)

பாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை விட்டு விலகி, பெரும்பாலும் ஒரே ஒரு முறை வந்து, கேட்பவரைப் பழைய மெட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கும் பகுதி பாலம். இசைக்குழுவினர் ‘பிரிட்ஜ்’ என்பர். பல பாடல்களில் அது எட்டு பார் (தாளச் சுற்று) நீளம் இருப்பதால் ‘மிடில் எயிட்’ என்ற பெயரும் உண்டு. பாடல் பாதியைக் கடந்த பிறகு, பழகிய மெட்டு காதுக்கு அலுக்கத் தொடங்கும் நேரத்தில் இது நுழையும். சுரப்போக்கு, கார்டு (சுரக்கூட்டு), வரியின் நீளம், தாளக்கட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது மாறும்.

1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்கு ஹரோல்ட் ஆர்லன் மெட்டமைத்த ‘ஓவர் தி ரெயின்போ’ நல்ல சான்று. அதன் மையப்பகுதி 32 பார். எட்டெட்டாக நான்கு பகுதிகள், மூன்றாவதே பாலம். முதல் பகுதி தொடங்கும்போதே மெட்டு ‘ச’விலிருந்து மேல் ‘ச’வுக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. பாலமோ ப, க என்னும் இரண்டு சுரங்களுக்குள் மாறி மாறி அசைந்தபடி தொடங்குகிறது. அப்படி அடங்கிக் கிடந்த பிறகு அதே தாவல் திரும்ப வரும்போது, முதலில் கேட்டதைவிட உயரமாகத் தோன்றுகிறது. பாலத்தின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடல்கள் குறைவு.

தமிழில் அனுபல்லவியே பாலம் என்று விளக்குவோர் உண்டு. அது பாதிதான் சரி. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் வழிவந்த கீர்த்தனை வடிவத்தில் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பல்லவிக்குத் திரும்புகிறது. விலகலும் மீட்சியும் அதில் இருக்கின்றன. ஆனால் அது பாடலின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தியாகராஜரின் பல கிருதிகளில் சரணத்தின் பின்பகுதி அனுபல்லவியின் மெட்டையே மறுபடி எடுத்துக்கொள்கிறது. மறுமுறை வராமை பாலத்தின் உயிர். அனுபல்லவிக்கு அது இல்லை. திரைப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசை விலகி மீளும் வேலையைச் செய்துவிடுவதால், நம் பழைய பாடல்களில் தனியாகப் பாலம் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. தாளமின்றிப் பாடும் தொகையறா, சரணத்துக்கு முன் வரும் சில பாடல்களில் பாலத்துக்கு மிக நெருங்கி நிற்கிறது.

மலேசியாவில், கெடாவின் கூலிம் மாவட்டத்து லூனாஸ், பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களின் கோயில் திருவிழாக்களில் ஒலிக்கும் உறுமி மேளத்தில் பாலத்தின் பொறுப்பு தோல்கருவிகளிடம் போகிறது. பாடகர் வரியை முடிக்க, குழுவினர் அதை வாங்கிப் பாட, பிறகு குரல் நின்று உறுமியும் பம்பையும் தனியே காலம் ஏற்றுகின்றன. மாறுவது மெட்டு இல்லை, வேகம். எட்டு பார் என்ற கணக்கும் இங்கே செல்லாது: அருள் வந்து ஆடுபவரைப் பார்த்தே மேளக்காரர் நீட்டுவதும் குறைப்பதும். பாடகர் முதல் வரிக்குத் திரும்பும்போது அது புது வேகத்தில் வருகிறது.

மலேசியத் தமிழ் ராப் வேறு வழியில் போனது. யோகி பி – நட்சத்திரா குழு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில், 1980இன் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடலின் பல்லவியை வைத்துக்கொண்டு ராப் வரிகளைச் சேர்த்தது. ராப்பில் குரல் பேச்சை ஒட்டியே நகர்வதால், பாடும் பல்லவி வரும்போதெல்லாம் மாற்றம் தானாகக் கிடைக்கிறது. பாலத்தின் தேவையும் அந்த அளவுக்குக் குறைகிறது.